காதைக் கொஞ்சம் கொடுங்க: பெரியப்பா பதில்கள்

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. வீட்டுப் பெரியவருக்குக் காது மந்தம், கூடவே மறதி. ஆகவே சினிமாவும் அரசியலும் அடுத்த வாரம்.

மருமகள், ஊத்துக்குளி ஆர்.எஸ்.
மாமனாருக்கு நான் பேசினா மட்டும் கேக்கறதில்லைங்க. அவங்க மகன் முணுமுணுத்தாக்கூடக் கேக்குது. வேணும்னே பண்றாருங்களா?

இல்லை. வயசான காது முதலில் தொலைப்பது உச்ச ஸ்தாயியை. உங்கள் குரல் மேலே, உங்கள் வீட்டுக்காரர் குரல் அடித்தொண்டையில். பேரக்குழந்தையின் மழலையும் அவருக்குப் பிடிபடாது, கவனித்துப் பாருங்கள்.

இன்னொன்று. ச, த, க, ப போன்ற மெய்களின் கூர்மை உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது, உயிரொலிகள் கீழே. அதனால் அவருக்குச் சத்தம் வந்து சேரும், சொல் வந்து சேராது. "பால்" என்றீர்களா, "கால்" என்றீர்களா என்று ஒவ்வொரு தடவையும் ஊகித்துக்கொண்டிருக்கிறார். இது மாமனார் மருமகள் வழக்கு அல்ல. காது டாக்டரிடம் போக வேண்டிய வழக்கு.

அதே மருமகள், அதே கடிதம்
சரின்னு கத்திப் பேசினா, "ஏன் கத்தற, நான் என்ன செவிடா?"ங்கறாருங்க!

அதுவும் நிஜம்தான். சேதமான உள்காதில் மெல்லிய ஒலி கேட்காது. ஒலி கொஞ்சம் ஏறியதும் திடீரென்று காதைப் பிளக்கும். நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி சுருங்கிப்போகிறது. கத்தினால் உயிரெழுத்துதான் பெருகும், மெய்யெழுத்து பெருகாது. முகத்துக்கு எதிரே வந்து, டி.வி.யை அணைத்து, நிதானமாகப் பேசுங்கள். அடுப்படியிலிருந்து வாசலுக்கு அறிவிப்புச் செய்யாதீர்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார், குன்னத்தூர்
காதுக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம்? காது வேறு, மூளை வேறு அல்லவா?

தறி ஓடும்போது பாவில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் தறிக்காரர் என்ன செய்வார்? முடிச்சுப் போடுவதிலேயே பொழுது போகும், துணி நகராது. அறுந்து அறுந்து வரும் பேச்சை ஒட்டவைப்பதிலேயே மூளையின் பலம் செலவானால், அதை ஞாபகத்தில் போட்டு வைக்க மிச்சம் எங்கே? இது முதல் சந்தேகம்.

இரண்டாவது: ஒலி வராத மூளைப் பகுதி சீக்கிரம் சுருங்குகிறது, ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது: காது கேட்காதவர் கல்யாணத்துக்கு வருவதை நிறுத்துவார், திண்ணைப் பேச்சை நிறுத்துவார், தனிமை மூளைக்கு ஆகாது. நான்காவது: ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் காதின் நுண்ணிய ரத்தக் குழாயையும் மூளையின் ரத்தக் குழாயையும் ஒரே நேரத்தில் கெடுக்கலாம்.

நால்வரும் கூட்டாகவே செய்திருக்கலாம் என்பது என் கட்சி. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

சந்தேகப் பேர்வழி, அவிநாசி
ஆதாரம் இருக்கா, இல்லை வாட்ஸ்அப்பா?

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஃபிராங்க் லின், 2011. மறதிநோய் இல்லாத 639 பேரின் காதை முதலில் சோதித்தார்கள். பிறகு சுமார் 12 வருடம் காத்திருந்தார்கள். லேசான மந்தம் உள்ளவர்களுக்கு மறதிநோய் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, நடுத்தர மந்தத்துக்கு மூன்று மடங்கு, கடுமையான மந்தத்துக்கு ஐந்து மடங்கு. படி ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. வாட்ஸ்அப்பில் 12 வருடம் காத்திருக்கும் ஆசாமியைப் பார்த்திருக்கிறீர்களா?

அப்பாவின் மகள், பெருந்துறை
அப்ப காது போனா புத்தியும் போயிருமா? படிச்சதிலிருந்து தூக்கமே வரலைங்க.

தூங்குங்கள். அந்த 639 பேரில் மறதிநோய் வந்தவர்கள் 58 பேர். மிச்சப் பேரில் காது மந்தமானவர்களும் இருந்தார்கள், தெளிவாகத்தான் இருந்தார்கள்.

பீத்தோவன் இருபதுகளின் கடைசியிலேயே காதை இழக்கத் தொடங்கியவர். ஒன்பதாவது சிம்பொனி வியன்னாவில் அரங்கேறியது 1824-ல். அப்போது அவருக்குக் கைதட்டல்கூடக் கேட்கவில்லை. ஹெலன் கெல்லருக்கு 19 மாதத்தில் கண்ணும் காதும் போயின. எழுதியும் பேசியும் உலகம் சுற்றி, 87 வயது வரை வாழ்ந்தார். பிறவியிலேயே காது கேளாதவர்கள் சைகை மொழியில் நாள் முழுக்க அரட்டை அடிக்கிறார்கள். ஆபத்து என்றால் வாய்ப்பு கூடுகிறது என்று அர்த்தம். தலையெழுத்து அல்ல.

கணக்குப் பிள்ளை, திருப்பூர்
காது மந்தத்தால் 7 சதவீதம் மறதிநோய்னு பேப்பர்ல போட்டிருந்தான். நூறு செவிடர்ல ஏழு பேருக்கா?

கணக்குப் பிள்ளையே இப்படித் தப்பாகக் கூட்டினால் எப்படி? 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் சொன்னது வேறு. உலகத்தில் யாருக்குமே காது மந்தம் இல்லாமல் பண்ணிவிட்டால், மறதிநோயாளிகள் நூறு பேரில் சுமார் ஏழு பேருக்கு அது வராமலோ தள்ளியோ போகலாம். அதுவும், காது மந்தம்தான் காரணம் என்று வைத்துக்கொண்டால்.

அதே ஆணையம் பட்டியலிட்டவை 14 காரணங்கள்: படிப்புக் குறைவு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, மது, மனச்சோர்வு, தலைக்காயம், தனிமை, காற்று மாசு, கண் பார்வைக் குறைவு என்று நீளும். எல்லாவற்றையும் சரிசெய்தால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம். மீதியில் வயசும் மரபணுவும் உண்டு. அவை நம் பேச்சைக் கேட்காது.

வெண்ணெய் வியாபாரி, ஊத்துக்குளி
எங்க வெண்ணெயைத் தின்னா மறதி வருமுங்களா? வியாபாரத்தைக் கெடுக்காம பதில் சொல்லுங்க.

அந்த 2024 பட்டியலில் காது மந்தத்துக்குச் சரிசமமாக 7 சதவீதம் வாங்கிய இன்னொரு ஆசாமி, நடுவயதில் ஏறும் கெட்ட கொலஸ்ட்ரால். ஊத்துக்குளி வெண்ணெய் நாடறிந்த சரக்கு, அதன் மணத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. தோசை மேல் ஒரு விரல் போதும். தோசையே மூழ்கினால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

புது மெஷின் வாங்கப் போகிறவர், காங்கயம்
காது மெஷின் போட்டா மறதியே வராதுன்னு கடைக்காரர் கேரண்டி தர்றாரு. வாங்கலாமா?

மெஷினை வாங்குங்கள், கேரண்டியை வாங்காதீர்கள்.

2023-ல் வெளியான 'அச்சீவ்' என்ற அமெரிக்க ஆய்வைச் சொல்கிறேன். 70 முதல் 84 வயது வரை 977 பேர். ஒரு பிரிவுக்கு மெஷின், இன்னொரு பிரிவுக்கு ஆரோக்கிய ஆலோசனை. மூன்று வருடம் பார்த்தார்கள். எல்லோரையும் சேர்த்துக் கூட்டினால் வித்தியாசம் இல்லை. ஆனால் முன்பே ஒரு இதயநோய் ஆய்வில் இருந்தவர்கள், அதாவது வயதும் ஆபத்துக் காரணிகளும் கூடுதலாக இருந்தவர்கள் மத்தியில், மெஷின் போட்டவர்களுக்குச் சிந்தனைத் திறன் தேய்வது 48 சதவீதம் குறைந்தது.

ஆக, ஆபத்து அதிகம் உள்ளவருக்குப் பலன் இருக்கலாம். ஆபத்து குறைவானவருக்கு மூன்று வருடத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பேத்தி சொல்வது அன்றைக்கே கேட்கும். அதற்கு ஆய்வே வேண்டாம்.

மேற்படியாரின் மச்சான், காங்கயம்
பிரிட்டன்ல ஏதோ பெரிய ஆராய்ச்சி, மெஷின் போட்டா ஆபத்தே இல்லைனு வந்துச்சே?

வந்தது, போனது. 2023-ல் வெளியிட்டார்கள், அதே வருட டிசம்பரில் திரும்பப் பெற்றார்கள். கணினிக் குறியீட்டில் மெஷின் போட்டவர்களும் போடாதவர்களும் இடம் மாறிப்போனார்களாம். தப்பு தெரிந்ததும் வாபஸ் வாங்குகிற துறை என்பதால்தான் அறிவியலை நம்புகிறேன். மச்சானே, பழைய செய்தியை ஃபார்வர்டு பண்ணும்போது வாபஸையும் சேர்த்து அனுப்புங்கள்.

தறிக்காரர், பல்லடம் பக்கம்
முப்பது வருஷமா விசைத்தறி ஓட்டறேன். வீட்ல "தறிக்காது"ன்னு கிண்டல் பண்றாங்க. தறியாலயா, வயசாலயா?

இரண்டும். நாடா ஓடும் தறி பல சேர்ந்த கொட்டகையில் இரைச்சல் 90 டெசிபெலைச் சுலபமாகத் தாண்டும். நம் உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் பக்கத்துக்குச் சுமார் 15,000. இரைச்சல் அவற்றைத் தினம் கொஞ்சமாகக் கொல்கிறது. கோழிக்கு அந்தச் செல் மறுபடி முளைக்கும், மனுஷனுக்கு முளைக்காது.

முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். அங்கே விழும் பள்ளத்தை ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனைப் படத்தில் பார்த்தாலே அனுபவமுள்ள டாக்டர், "என்ன, தறியா?" என்று கேட்டுவிடுவார். கிண்டல் பண்ணுகிறவர்களிடம் சொல்லுங்கள்: அந்தக் காதைக் கொடுத்துத்தான் வீட்டுக்குச் சோறு வந்தது.

அவர் மகன், அதே தறிக் குடோன்
எவ்வளவு நேரம் இருந்தா ஆபத்துங்க?

தொழில் பாதுகாப்பில் அமெரிக்க நிபுணர்கள் சொல்லும் கண்டிப்பான கணக்கு இது. 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம். மூன்று டெசிபெல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி. 100 என்றால் கால் மணி நேரம். நீங்கள் ஷிப்டுக்குள் நுழைந்து வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் அன்றைய ரேஷன் தீர்ந்தது.

அவரே
காதுல பஞ்சு வெச்சுக்கறோமே, போதாதா?

போதாது. பனியன் ஊரில் இப்படிச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் வெறும் பஞ்சு இரைச்சலை ஏறக்குறைய அப்படியே உள்ளே விடும். மருந்துக் கடையில் ஃபோம் இயர் பிளக் கிடைக்கும். விரலால் உருட்டி, காதைப் பின்னால் இழுத்து, செருகி, விரிகிற வரை பிடித்திருக்க வேண்டும். சும்மா வாசலில் ஒட்டவைத்தால் அது காதணி.

நைட் ஷிப்ட் நிட்டிங் ஆபரேட்டர், திருப்பூர்
மெஷின் சத்தம் தெரியாம இருக்க இயர்போன்ல பாட்டு வெச்சுக்குவேன். ஐடியா எப்படி பெரியப்பா?

திருடனுக்குப் பயந்து கொள்ளைக்காரனைக் கூட்டிவந்த ஐடியா. இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்றால் பாட்டை அதைவிட உரக்க வைக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தே உள்ளே இறங்குகின்றன. இருபத்தைந்தில் சேர்க்கிற கடனை ஐம்பதில் கட்டுவீர்கள் தம்பி. நடுவயதுக் காதுதான் மறதி ஆய்வாளர்களின் கவலையே.

வரலாற்று மாணவி, ஈரோடு
இரைச்சல் காதைக் கெடுக்கும்னு எப்ப கண்டுபிடிச்சாங்க?

1886-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர், பாய்லர் தட்டும் தொழிலாளர்களின் காதைத் தபால்காரர்களின் காதோடு ஒப்பிட்டார். பாய்லர்காரர்கள் படுதோல்வி. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் தறிப்பெண்கள் வாயை அகல அகல அசைத்து உதட்டைப் படித்தே ஊர்வம்பு பேசினார்கள். அதற்கு 'மீ மா' என்று பெயரே வைத்தார்கள். நம் தறிக் குடோனிலும் கையாலும் புருவத்தாலும்தான் பேச்சு.

யூனியன்காரர், திருப்பூர்
சட்டம் என்ன சொல்லுது?

1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் ஒன்றாக இருந்தது. ஈ.எஸ்.ஐ. தொழில்நோய்ப் பட்டியலிலும் உண்டு, இழப்பீடு கேட்கலாம். கஷ்டம் என்னவென்றால், நாலு தறி போட்டுக் கூலிக்கு ஓட்டும் குடும்பக் கொட்டகை எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாது. அங்கே தொழிலாளி அப்பா, முதலாளியும் அப்பா, நோயாளியும் அப்பா. போனஸுக்குக் குரல் கொடுக்கிற யூனியன் வருடத்துக்கு ஒரு காது முகாமுக்கும் குரல் கொடுக்கட்டும். நான் வந்து முதல் வரிசையில் உட்காருகிறேன்.

கவலைப்படும் மகன், சென்னிமலை
அம்மாவுக்கு டிமென்ஷியான்னு ஒருத்தர் சொல்லிட்டார். மூணு வார்த்தை சொல்லி, அப்புறம் திருப்பிச் சொல்லச் சொன்னார். அம்மா முழிச்சாங்க.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகக் காதும் சரியில்லை." அதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்! காதில் விழாத வார்த்தையை யார்தான் திருப்பிச் சொல்ல முடியும்? ஞாபகத் தேர்வில் பெரும்பகுதி வாய்மொழி. காது மந்தமானவர் கேள்வியிலேயே தோற்றுவிடுவார்.

செய்ய வேண்டியது: முதலில் காதைச் சோதித்து, அழுக்கு இருந்தால் எடுத்து, முடிந்தால் மெஷின் மாட்டி, பிறகு அமைதியான அறையில் மறுபடி தேர்வு. படிக்கத் தெரிந்த அம்மா என்றால் கேள்வியை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கூடவே தைராய்டு, பி12, மனச்சோர்வு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவையும் மறதி வேஷம் போடும், சிகிச்சைக்கு அடங்கும்.

எனக்கு நெஞ்சு பொறுக்காத விஷயம் இது. காது கேட்காத ஒரு மனுஷியை "புத்தி கெட்டுப்போச்சு" என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டால், அந்த ஓரமே பாதி நோயை உண்டாக்கிவிடும்.

அவரே, பின்குறிப்பில்
வீட்லயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு. எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, அமைதியில் பேசினால் பதில் பொருத்தமாக வருகிறதா? காதைச் சந்தேகியுங்கள். பதிலைக் கேட்டபிறகும் அதே கேள்வியைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கிறாரா, பழகிய சமையலில் அடுத்து என்ன என்று திகைக்கிறாரா? நரம்பு டாக்டர். இரண்டும் ஒன்றாக இருப்பதும் சகஜம் என்பதால் வீட்டுத் தீர்ப்பு செல்லாது.

எழுபது வயது இளைஞர், ஊத்துக்குளி
எனக்கும் பேரெல்லாம் மறக்குது. பயப்படணுமா?

கதித்தமலை முருகன் கோயில் தேருக்கு எந்த வருடம் மழை பெய்தது என்று மறந்தால் வயசு. கதித்தமலைக்குப் போகிற வழியே மறந்தால் வைத்தியம்.

புள்ளிவிவரப் பிரியர், தாராபுரம்
இந்தியாவில் எத்தனை பேருக்கு மறதிநோய்?

60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர். 2023-ல் வெளியான தேசிய அளவிலான கணிப்பு. காது பக்கம் போனால், 60 தாண்டியவர்களில் 65 சதவீதத்துக்கு மேல் ஏதோ ஓர் அளவு மந்தம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. அது உலகக் கணக்கு.

அதே தாராபுரம்
நம்ம பக்கம் யாராவது ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா?

1998-ல் கொச்சியில் ஒரு மாநாட்டில் பிறந்தது '10/66' என்ற உலகக் குழு. மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில், ஆனால் ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயர். சென்னையிலும் வேலூரிலும் வீடு வீடாகப் போனார்கள். பள்ளிக்கூடமே பார்க்காத பாட்டியையும் நியாயமாகச் சோதிக்கும் தேர்வு முறையை உருவாக்கியது அவர்களின் பெரிய காரியம். தேதி தெரியாத பாட்டிக்கு அமாவாசை தெரியுமே!

பேரன், விஜயமங்கலம்
அப்பாருக்குப் பதினெட்டாயிரம் போட்டு மெஷின் வாங்கினோம். பீரோவுக்குள்ள இருக்குது.

பீரோவுக்குக் காது நன்றாகக் கேட்குமே, அதற்கு எதற்கு மெஷின்?

அப்பாருவைத் திட்டாதீர்கள். பல வருட நிசப்தத்துக்குப் பிறகு ஃபேன் சத்தமும் தட்டு சத்தமும் ஒன்றாகப் படையெடுத்தால் யாருக்கும் எரிச்சல் வரும். மூளை மறுபடி பழகச் சில வாரம் பிடிக்கும். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு ஒரு மணி நேரம். பிறகு குடும்பத்தோடு. கல்யாண மண்டபம் கடைசிப் பரீட்சை. இடையில் ஆடியாலஜிஸ்டிடம் இரண்டு மூன்று தடவை போய் ஒலியைத் திருத்திக்கொள்ள வேண்டும். மாட்டிவிட்டு ஓடிப்போகிற கடையில் வாங்காதீர்கள்.

அதே பேரன்
கீய்னு விசில் அடிக்குது.

காதில் செருகும் மோல்டு தளர்ந்திருக்கும், இல்லை காதில் அழுக்கு அடைத்திருக்கும். வெளியேறும் ஒலியை மெஷினே மறுபடி பிடித்துப் பெருக்குகிறது. மோல்டை மாற்றுங்கள், அழுக்கை எடுக்கச் சொல்லுங்கள்.

அதே பேரன் (ரொம்ப நல்ல பேரன்)
பேட்டரி மாத்தினதும் வேலை செய்யலை, பேட்டரியே போலியா?

மேலே ஒட்டியிருக்கும் கலர் ஸ்டிக்கரைப் பிரித்தீர்களா? இது காற்றைக் குடித்து ஓடும் துத்தநாக பேட்டரி. ஸ்டிக்கரைப் பிரித்து ஒரு நிமிஷம் வெளியே வைத்து, அப்புறம் போடுங்கள். நிறம்தான் அளவு: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. ரீசார்ஜ் மாடல் என்றால் இந்தத் தொல்லை இல்லை. பேட்டரியைச் சின்னக் குழந்தை கையில் மட்டும் விடாதீர்கள், விழுங்கினால் ஆபத்து.

சிக்கனக்காரர், மூலனூர்
ஆன்லைன்ல ஐந்நூறு ரூபாய்க்கு மெஷின் வருதே?

அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி ஏற்றும். உங்களுக்குக் குறைந்திருப்பது மேல் ஸ்தாயி. அது லாரி ஹார்னையும் சேர்த்து ஏற்றும். ஆடியோகிராம் பார்க்காமல் மாட்டுகிற மெஷின், பவர் பார்க்காமல் வாங்குகிற கண்ணாடி. மிச்சமிருக்கும் காதும் போகும்.

ஏழைக் குடும்பத்துப் பெண், ஊத்துக்குளி
அவ்வளவு பணத்துக்கு நாங்க எங்கே போறது?

உங்களுக்கு நீண்ட பதில் தருகிறேன், கவனமாகப் படியுங்கள். முதலில் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு. ரயிலோ பஸ்ஸோ, இரண்டும் உங்களுக்குப் பக்கம்.

பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். குறைபாட்டின் அளவைப் பொறுத்து இலவச மெஷின் கிடைக்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மத்திய அரசின் 2017-ஆம் வருட வயோஸ்ரீ திட்டத்தில் மெஷின், கண்ணாடி, கைத்தடி எல்லாம் முகாம் போட்டுத் தருகிறார்கள். முகாம் எப்போது என்று மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-ல் விசாரியுங்கள். கூச்சப்படாதீர்கள். நீங்கள் கேட்பது தானம் அல்ல, பாத்தியதை.

ஆயா வைத்தியப் பேத்தி, நம்பியூர்
காதுல பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊத்தலாங்களா?

பூண்டு எண்ணெய் ரசத்துக்கு. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். சூடாக இருந்தால் வெந்தே போகும்.

பட்ஸ் பிரியர், செங்கப்பள்ளி
தினமும் பட்ஸ் போட்டுச் சுத்தம் பண்றேன். அப்படியும் அடைக்குது.

அப்படியும் அல்ல, அதனால்தான். அழுக்கு தானாக வெளியே நகரும். நீங்கள் உள்ளே தள்ளி இடிக்கிறீர்கள். முதியவர்களில் சிலருக்கு அடைத்த அழுக்கை எடுத்ததுமே பாதிச் செவிடு போய்விடும். உலகத்தின் மிக மலிவான காது சிகிச்சை அது, டாக்டர் கையால் மட்டும். ஹேர்பின், சாவி, கோழி இறகு மூன்றுக்கும் தடை.

தூக்கமில்லாதவர், உடுமலை
ராத்திரியானா காதுக்குள்ள சில்வண்டு கத்துது.

பலருக்கு அது சேதமான உள்காதின் புலம்பல். வெளிச்சத்தம் குறைந்ததும் மூளை தானே இட்டு நிரப்பும் ஒலி. பேய் இல்லை, பித்தும் இல்லை. செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். மந்தம் இருந்து மெஷின் மாட்டினால் பலருக்கு வண்டும் அடங்குகிறது. இதயத் துடிப்போடு சேர்ந்து அடிக்கிற ஒலியாக இருந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்.

அவசரம், திருப்பூர்
நேத்து காலையில எந்திரிச்சா ஒரு காது சுத்தமா கேக்கலை. சளியா இருக்கும்னு விட்டுட்டேன்.

இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் செருப்பை மாட்டுங்கள். திடீர் செவிட்டுக்கு முதல் சில நாட்களில் ஸ்டீராய்டு கொடுத்தால் மீள வாய்ப்பு. வாரக்கணக்கில் தள்ளினால் வாய்ப்பு கரையும். பத்திரிகை ஆபீசுக்குக் கடிதம் போடுகிற நோயே அல்ல இது!

இயற்கை ஆர்வலர், வெள்ளகோயில்
வல்லாரை தின்னா ஞாபகம் வளருமாமே?

துவையல் அருமை. காதுக்குப் பதிலாக அதைப் போடாதீர்கள்.

டி.வி. கொடுமை தாங்காதவர், மொரட்டுப்பாளையம்
அம்மாயி சீரியல் போட்டா தெருவுக்கே கேக்குது.

தெருவே ஆடியோகிராம் எடுத்துவிட்டது, ரிப்போர்ட்டை வாங்க நீங்கள்தான் போகவில்லை. டி.வி. ஒலி ஏறுவது, போனில் தடுமாறுவது, கூட்டத்தில் வெறுமனே சிரித்துத் தலையாட்டுவது: மூன்றும் வந்தால் சோதனைக்கு நேரம்.

நாற்பத்தொன்பது வயசுக்காரர், பல்லடம்
எந்த வயசுல காதைச் சோதிக்கணும்?

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 50-லிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. 65-க்கு மேல் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. தறியிலோ மில்லிலோ இருந்தால் இன்றைக்கே. வண்டிக்கு எஃப்.சி. காட்டுகிறோம், காதுக்குக் காட்டினால் என்ன?

பெரிய குடும்பத்து மூத்தவர், குன்னத்தூர்
விசேஷத்துக்குப் போனா ஒண்ணும் புரியறதில்லை. போறதையே நிறுத்திட்டேன்.

நிறுத்தாதீர்கள். இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை உலுக்கியது உங்களுடையது. மெஷின் போட்டாலும் மைக் செட்டுக்கு நடுவில் பேச்சு புரிவது கஷ்டம்தான். ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, சுவரோரமாக, வெளிச்சம் உள்ள இடத்தில் உட்காருங்கள். எதிரில் ஒருவரை மட்டும் பிடித்து வைத்துப் பேசுங்கள். நேரத்தோடு போனால் நாதஸ்வரத்துக்கு முன்பே எல்லோரையும் விசாரித்து முடிக்கலாம்.

குடும்பத்துக்காரர்களுக்கு: கேட்கவில்லை என்று அவர் சொன்னால், "ஒண்ணுமில்லை, விடுங்க" என்று சொல்லாதீர்கள். அந்த இரண்டு வார்த்தைதான் ஆளைப் பந்தியிலிருந்தே விரட்டுகிறது.

பொடியன், ஊத்துக்குளி அரசுப் பள்ளி
எங்க அப்புச்சியை எல்லாரும் "டமாரம்"ன்னு கூப்பிடறாங்க. கோபமா வருது.

வரவேண்டிய கோபம். கண்ணாடி போட்டவரை யாராவது "குருடு" என்று கூப்பிடுகிறார்களா? அப்புச்சி பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்த்து, ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடக் கதை சொல்லு. உனக்குத் தமிழில் மார்க் ஏறும், அவருக்குப் பேச்சுத் துணை.

மருமகள், ஊத்துக்குளி ஆர்.எஸ். (மறுபடியும்)
உங்க முதல் பதிலை முன்கூட்டியே போன்ல கேட்டுட்டு மாமனாருக்கு மெஷின் வாங்கிட்டோம். இப்ப அடுப்படியில நாங்க பேசற ரகசியமெல்லாம் கேக்குதுங்கறாரு!

வாழ்த்துகள், ட்யூனிங் கச்சிதம். அடுத்த வருடம் மறுபடி ஆடியோகிராம் எடுங்கள். ரகசியத்துக்கு மொட்டை மாடி.